இஸ், வாஸ்

— மறுபடியும் தப்பும்மா. 'தி கெஸ்ட் செட் தி ரூம் வாஸ் கோல்ட்.' 'இஸ்' இல்ல, 'வாஸ்'.

— ஏன்டி, அந்த ரூம் இப்பவும் குளிர்ந்துக்கிட்டுதானே இருக்கு? படுக்கை விரிப்பு மாத்தப் போய் நானே நடுங்கிட்டு வந்தேன்.

— இருக்கட்டும். அவர் சொன்னது முடிஞ்சுபோச்சுல்ல? 'சொன்னார்'னு ஆரம்பிச்சா, 'இஸ்'ஸும் கூடவே ஒரு படி பின்னாடி போயிடும். நாளைக்கு சூப்பர்வைசர் இன்டர்வியூல இதைத்தான் கேப்பாங்க.

— நமக்கு இந்த வம்பே இல்ல பாரு. 'ரூம் குளிருதுன்னு சொன்னார்.' அவர் வாயில வந்தது அப்படியே என் வாயில வருது.

— இங்கிலீஷ்ல அப்படி விடமாட்டாங்க.

— வேடிக்கையாத்தான் இருக்கு. சரி, 'ஐ வில் கம்'னு ஒருத்தர் சொன்னா?

— 'ஹி செட் ஹி வுட் கம்.'

— ஐயய்யோ, 'வில்'லையும் விடலையா! சாவியைத் தொலைச்சுட்டேன்னு சொன்னா?

— 'ஷி செட் ஷி ஹேட் லாஸ்ட் ஹர் கீ.' என்னம்மா, இன்டர்வியூவையே மறந்துட்டு நோண்டி நோண்டிக் கேக்கற?

— தெரிஞ்சுக்கத்தான். ஒருத்தர் 'உன்னைப் பிடிச்சிருக்கு'ன்னு சொன்னா, அதையும் பின்னாடி தள்ளிடுவாங்களா?

— ஆமா. 'ஹி செட் ஹி லைக்ட் மீ.'

— அடப்பாவமே! கேக்கறவங்க, அப்போ பிடிச்சுது, இப்போ பிடிக்கலைன்னு நினைச்சுக்க மாட்டாங்க?

— அதுக்கும் வழி இருக்கு. சொன்னது இன்னிக்கும் அப்படியேதான் இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சா, மாத்தாம விட்டுடலாம். தப்பில்ல.

— நெசமாவா? இதை முதல்லயே சொல்றதுக்கென்ன!

— சரி, யாராவது உன்கிட்ட சொன்னதை நீயே ஒண்ணு சொல்லு பாப்போம்.

— நானா... இரு. 'தி லிஃப்ட் மெக்கானிக் செட்...'

— அட, உங்க ஓட்டலுக்கு வருவாரே, அவரா? லிஃப்ட் ரிப்பேர்னாரா?

— குறுக்கே பேசாதடி, எல்லாம் மறந்துடும். 'தி லிஃப்ட் மெக்கானிக் செட் ஹி வான்ட்ஸ் டு மேரி மீ.'

— 'வான்டட்'ம்மா. 'செட்' வந்துட்டா... அம்மா?

— 'வான்ட்ஸ்'தான்டி. இன்னிக்கு காலையில மறுபடியும் கேட்டுக்கிட்டுதான் வந்தேன்.

— என்னம்மா சொல்ற! அப்பா போய் இத்தனை வருஷமா கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவ. நீ என்ன பதில் சொன்ன?

— முதல்ல என் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வரேன்னேன். ஒரு வாரமா உன் எதிர்ல வந்து வந்து நிக்கிறேன், தமிழ்ல வாயே வரலடி.