பெய்யாத மழைமேல் நான் கொடுத்த புகார்

அவையின் தலைமை இருக்கையை நிறைத்திருக்கும் மருத்துவமனைக் குழுத் தலைவர் அவர்களே! மேடைக்கு அணிசெய்யும் மருத்துவப் பெருமக்களே! வானத்தை வாசிப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட வானிலை நிலைய அதிகாரி அவர்களே! தலை நரைத்தும் தளராத பெரியோர்களே! மடியில் மழலையும் தோளில் பையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பிடித்துவிட்ட சாமர்த்தியசாலிகளே! அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்.

புதிதாய்ப் பிறந்த குழந்தைகளுக்கான புதிய பிரிவை எந்தத் தளத்தில் கட்டுவது என்று முடிவெடுக்க இன்று கூடியிருக்கிறோம். என்னைப் பேச அழைத்தது என் அறிவுக்காக அல்ல. என் அவசரத்துக்காக! மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, இதே மருத்துவமனையின் தலைமைச் செவிலியர்மீது நான்கு பக்கப் புகார் எழுதிக் கொடுத்தவள் நான். நீங்கள் எல்லோரும் மேட்ரனம்மா என்று அழைக்கிறீர்களே, அவர்மீதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு மகள் பிறந்த மூன்றாம் நாள். வயிற்றில் தையல். திரும்பிப் படுக்கவும் துணை வேண்டும். தரைத்தளத்தில் சாளரத்தை ஒட்டிய கட்டில் என்னுடையது. எடை குறைவு என்பதால் குழந்தை பக்கத்து அறையில், வெதுவெதுப்பான தொட்டிலில். பிற்பகல் இரண்டு மணி இருக்கும். மேட்ரனம்மா உள்ளே வந்தார். கையில் ஒரு தாள். குரலில் பதற்றமில்லை.

"எல்லாரும் மாடிக்குப் போறோம். நடக்க முடிஞ்சவங்க நடங்க. முடியாதவங்கள நாற்காலியில தூக்கிட்டுப் போவாங்க."

"எதுக்கு சிஸ்டர்?"

"பெரிய மழை வரலாம்னு சேதி வந்திருக்கும்மா."

சாளரத்தைப் பார்த்தேன். வெயில் காய்கிறது! கொடியில் போர்வைகள் காய்கின்றன! கண்ணுக்கெட்டிய வரை ஒரு கார்முகில் உண்டா? ஒரு கீற்று உண்டா? ஒன்றும் இல்லை.

இரண்டு பணியாளர்கள் என்னை நாற்காலியோடு தூக்கினார்கள். படிக்குப் படி தையல் சுண்டி இழுத்தது. அதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறொன்று. என் மகள் எங்கே? மேலே போன பிறகு கேட்டேன். "வந்துகிட்டிருக்கு" என்றார்கள். யார் கையில் வருகிறது? எந்தத் தொட்டிலில் வருகிறது? சொல்ல ஆளில்லை. நாற்பது நிமிடம்! பெற்றவளுக்கு அது நாற்பது நிமிடமா? தாய்மார்களே, நீங்கள் சொல்லுங்கள்.

பிறகு குழந்தை வந்தது. மழை மட்டும் வரவில்லை.

அன்று மாலை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மழைக்குப் பதிலாகச் சிரிப்புதான் வந்தது. "வெயில் மேட்ரன்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பின்வரிசையில் சிலர் தலையைக் குனிகிறீர்கள்; வைத்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியும்! என் வீட்டுக்காரர் சொன்னார்: "விடும்மா, பாப்பா நல்லா இருக்குல்ல." நான் விடவில்லை. தாளை எடுத்தேன். வராத மழைக்காக முப்பத்தொரு குழந்தைகளை அலைக்கழித்த செவிலியரை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று எழுதினேன்.

விசாரணை வைத்தார்கள். நீளமான மேசை. மேட்ரனம்மா ஒரு பக்கம், நான் மறுபக்கம். அந்த அம்மாவின் இருபத்தாறு ஆண்டு வேலை அந்த மேசைமேல் ஊசலாடிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் என் கையெழுத்து.

அப்போதைய குழுத் தலைவர் கேட்டார்: "அன்னிக்கு வந்த தாள்ல என்ன இருந்தது?"

"தண்ணி உள்ள வர்ற அளவுக்கு மழை பெய்ய, பத்துல நாலு வாய்ப்புன்னு இருந்ததுங்க."

"பத்துல நாலா? பாதிகூட இல்லையேம்மா! அதுக்கா இவ்வளவு அமர்க்களம்?"

மேட்ரனம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, ஒரு பாலம் இருக்கு. அதுமேல நடக்கிற பத்துப் பேர்ல நாலு பேர் விழுவாங்கன்னு சொன்னா, நீங்க பிள்ளையத் தூக்கிட்டு அதுல நடப்பீங்களா?"

தலைவர் அந்தத் தாளை வாங்கி மீண்டும் ஒருமுறை படித்தார்.

மேட்ரனம்மா தொடர்ந்தார். "தெருத்தண்ணி நம்ம வாசலைத் தாண்ட ஒரு மணி நேரம் போதும். முப்பத்தொரு பிள்ளைங்கள மேல கொண்டுபோக எனக்கு மூணு மணி நேரம் வேணும். மழையப் பார்த்துட்டுக் கிளம்பினா முடியுமா? அதனால, பத்துல மூணைத் தாண்டினா தூக்கிடணும்னு நான் முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருந்தேன்."

அவையோரே, நான் யார் தெரியுமா? பள்ளிக்கூடத்துக் கணக்கு ஆசிரியை! நாணயத்தைச் சுண்டிவிட்டால் தலை விழுமா, பூ விழுமா என்று நிகழ்தகவுப் பாடத்தைப் பதினோரு ஆண்டு நடத்தியவள்! கரும்பலகையில் கரைகண்ட கணக்கு, கட்டிலில் கிடந்தபோது என் கண்ணுக்குத் தெரியவில்லையே! பத்தில் நான்கு என்றால் பத்தில் ஆறு முறை வராது. வராமல் போனது பொய்யாகிவிடுமா? எடுத்த முடிவு பிழையாகிவிடுமா?

அடுத்து வானிலை நிலைய அதிகாரியை அழைத்தார்கள். இதோ, மேடையில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கிறாரே, இவரேதான். அன்று இவர் முதலில் சொன்ன வாக்கியம் எனக்கு மறக்காது. "ஒன்பது வருஷமா தினமும் இந்தத் தாளை அனுப்புறேன். இதைப் படிக்கிற ஒரு ஆள் இருக்காங்கன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்."

சிரிக்காதீர்கள், அந்தச் சிரிப்பில் நமக்கும் பங்கு உண்டு!

அவர் ஒரு படத்தை விரித்தார். நம் ஊரின் நாற்பது ஆண்டு மழைப் பதிவு. அத்தகைய பெருமழை முதல் இருபது ஆண்டில் ஐந்து முறை. அடுத்த இருபது ஆண்டில் பதினான்கு முறை. இந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்கள் தம் காலத்து வானத்தைப் பார்த்துக் கட்டினார்கள். வானம் மாறிவிட்டது, வாசல்படி மாறவில்லை.

பிறகு என் முறை. புகாரைத் திரும்பப் பெறுகிறேனா என்று கேட்டார்கள். நான் எழுந்தேன். ஆனால் மேட்ரனம்மா முந்திக்கொண்டார். "அவங்க திரும்பப் பெற வேண்டாங்க. மழை விஷயத்துல நான் செஞ்சது சரி. ஆனா நாற்பது நிமிஷம் ஒரு தாய்க்குப் பிள்ளை எங்கேன்னு தெரியல. அது என் தப்பு. எதுக்குத் தூக்குறேன், எவ்வளவு வாய்ப்புன்னு உட்காரவச்சுச் சொல்லியிருக்கணும். சொல்லல."

என் கண்ணில் அப்போது நீர் நின்றது. நாற்பது நிமிடக் கோபத்தை "என் தப்பு" என்ற ஒரே ஒரு சொல் கரைத்துவிட்டது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கத்தை நானே அடித்தேன். மிச்சமிருந்த அரைப்பக்கம்தான் இன்று இந்த மருத்துவமனையின் விதி. குழந்தையும் தாயும் ஒரே நேரத்தில் மாடியேற வேண்டும். ஒவ்வொரு நாள் காலையிலும் வாய்ப்பு எவ்வளவு என்பதைப் பத்து வட்டங்கள் வரைந்து, பத்தில் நான்கு என்றால் நான்கு வட்டத்தை நீலமாக்கி, பிரிவின் சுவரில் மாட்ட வேண்டும். அதிகாரி ஐயாவும் மழையளவை மில்லிமீட்டரில் மட்டும் எழுதி அனுப்புவதை நிறுத்தினார். தண்ணீர் எத்தனையாவது படிவரை வரும் என்றும் சேர்த்து எழுதுகிறார். எழுத்தறியாதவரும் பார்த்தால் புரியும்.

அதன்பிறகு இந்த மூன்று ஆண்டில் ஏழு முறை மாடியேறினோம். நான்கு முறை தண்ணீர் வரவில்லை. மூன்று முறை வந்தது. அதில் ஒருமுறை நான் கிடந்த அதே கட்டிலின் மெத்தையைத் தொட்டது. அந்த நேரத்தில் குழந்தைகள் என்ன செய்துகொண்டிருந்தன? மாடியில் பால் குடித்துக்கொண்டிருந்தன!

மகள் எப்படி இருக்கிறாள் என்று அங்கே ஓர் அம்மா சைகையால் கேட்கிறார். இதோ மேடைக்கு அடியில் ஒலிபெருக்கிக் கம்பியை இழுத்துக்கொண்டிருப்பது அவள்தான். என் குரல் திடீரென்று நின்றுபோனால் காரணம் கேட்காதீர்கள்!

ஆகவே கேட்கிறேன். புதிய பிரிவைப் பழைய வானத்தை நம்பிக் கட்டப் போகிறோமா? தரைத்தளம் என்றால் தூக்குவது மிச்சம், தூரம் மிச்சம் என்று சிலர் வாதிடுகிறீர்கள். நியாயமான வாதம். ஆனால் நாற்பது ஆண்டுப் பதிவு நம் மேசைமேல் இருக்கிறது. அதை மடித்துவைத்துவிட்டு முடிவெடுத்தால், முடிவெடுத்தவர்கள் நாமல்லர்; நம் பழக்கம்! பள்ளிக்கூடம், பேருந்துப் பணிமனை, குடிநீர் நிலையம் எல்லாம் இதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். பத்தில் எத்தனை என்றால் நாம் எழுவோம்? வெள்ளம் வந்த பிறகு அல்ல, வெயில் காயும்போதே கேட்டாக வேண்டும். மேல்தளத் தீர்மானத்துக்கு உங்கள் கைகள் உயரட்டும்!

உயர்கின்றன. மகிழ்ச்சி.

மேட்ரனம்மாவைத் தேடிச் சிலர் வாசலைப் பார்க்கிறீர்கள். அவர் வரமாட்டார். நாளைக் காலைக்குப் பத்தில் ஐந்து என்று இன்று செய்தி வந்திருக்கிறது. நாம் இங்கே கைதட்டிக்கொண்டிருக்கும்போது அவர் அங்கே தொட்டில் தூக்கிக்கொண்டிருக்கிறார். ஒரு பக்கத்துப் பிடியை நான் பிடிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நாளை பளிச்சென்று வெயிலடித்தால், அவரைப் பார்த்து ஒரு வணக்கம் வையுங்கள்.

பொறுமையாகச் செவிகொடுத்த பெருமக்களுக்கும், இந்த வாய்ப்பைத் தந்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. படியேற நேரமாகிவிட்டது. வருகிறேன், வணக்கம்!