கீழ் வீட்டுக்குக் கேட்ட சத்தம்

ஆணி அடிக்கிறோம்னு நெனச்சியா? அதுல தப்பே இல்லம்மா. புதுசா குடி வந்தவ, மேல சத்தம் கேட்டா வேற என்னத்த நெனப்பே. வாசல்லயே நின்னு அழாத, உள்ள வா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காரு.

எங்க வீட்டுக்காரரு போய் இன்னும் முழுசா ஒரு மாசம் ஆகல. துக்கம் கேக்க வர்றவங்க எல்லாரும் வந்து போயிட்டாங்க. ஆனா அவரு விழுந்த அன்னிக்கு மத்தியானம் இந்த வீட்டுச் சத்தத்தைக் கேட்டவ நீ ஒருத்திதான். நான் ஆபீஸ்ல இருந்தேன். அதான் உன்னை விடாம இழுத்து உக்கார வெச்சிருக்கேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அது என்ன மாதிரி சத்தம்?

சும்மா சத்தம்னா எப்படி? டமார்னா, தொப்புன்னா, டொம்முன்னா? என்ன இவ இப்படிக் கேக்கறாளேன்னு பாக்கறியா? எனக்கு அதாம்மா பொழப்பு. காது கேக்காதவங்க பாக்கறதுக்காக படத்துக்குக் கீழ எழுத்து ஓடும், பாத்திருக்கியா? பேச்சு மட்டும் இல்ல, கதவு சாத்துறது, மழை பெய்யறது, எல்லாத்தையும் இங்கிலீஷ்ல போடணும். அதை எழுதுறவ நான்.

கண்ணாடி உடையறது, நாய் குலைக்கிறது எல்லாம் சுலபம். இந்த மொத்தையான சத்தம் இருக்கே, கனமா, மந்தமா, அதுதான் உயிரை வாங்கும். இங்கிலீஷ்காரன் அதுக்குத் தட்ங்கறான், தம்ப்ங்கறான், பம்ப்ங்கறான், கிளங்க்ங்கறான். அகராதியில தட் பாத்தா தம்ப் மாதிரின்னு போட்டிருக்கும். சரின்னு தம்ப் பாத்தா தட் மாதிரின்னு போட்டிருக்கும். செக்குமாடு கணக்கா சுத்தி அங்கயே வந்து நிக்கணும். எங்க மேனேஜர் இருக்காரே, எது விழுந்தாலும் தட்னு போட்டுட்டுப் போங்கம்மா, பாக்கறவங்களுக்குத்தான் காது கேக்காதே, யாரு வந்து கேக்கப் போறாங்கன்னுவாரு.

என் வீட்டுல கேக்க ஆள் இருந்தாரு. எங்க வீட்டுக்காரருக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காது. உனக்குத் தெரிஞ்சிருக்காது. படியில பாத்துச் சிரிச்சிருப்பாரு, அவ்வளவுதான். அதோ அந்த ரூம்ல உக்காந்து தைப்பாரு. நான் எழுதின படத்தை மொதல்ல பாக்கறது அவருதான். பாத்துட்டுக் கையாலயே சண்டைக்கு வருவாரு. போன படத்துல ஒருத்தன் விழுந்ததுக்குத் தட்னு போட்டே, இதுல தம்ப்னு போட்டிருக்கே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு. சொல்லிப் புரிய வெக்கிற காரியமா அது? அவரு உள்ளங்கையைத் தையல் மேஜை மேல வெச்சுப் பக்கத்துல துணி மூட்டையைப் போட்டேன். இது தட்டு. கத்திரிக்கோலை மரப்பெட்டிக்குள்ள போட்டேன், இது கிளங்க்கு. வாளியைப் புடிச்சுக்கச் சொல்லி ஈரத்துணியைத் தண்ணியில விட்டேன், இது பிளாப்பு. அப்புறம் முதுகுல ஒரு குத்து விட்டு, இதுதான் தம்ப்புன்னேன். அது ரொம்ப நாளா விடணும்னு இருந்த குத்து. ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சோம்.

ரொம்ப யோசிச்சுட்டு அவரே சொன்னாரு. தட்னா விழறது, அதோட முடிஞ்சுது. தம்ப்னா அடிக்கிறது, பின்னாடி ஒரு ஆள் இருக்கான்னு. அன்னிலேருந்து நான் அப்படித்தான் எழுதறேன்.

இந்த வீட்டுல ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடறதே காலாலதான். நான் தரையை மிதிச்சா அவருக்கு உள்ளங்கால்ல தெரியும், திரும்பிப் பாப்பாரு. எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும், ஆனா அவரும் மிதிச்சுத்தான் கூப்பிடுவாரு. சின்ன வயசுல அவரு வாயால கத்தினா புள்ளைங்க சிரிச்சுதுங்களாம். அதுலேருந்து வாயே தொறக்க மாட்டாரு. செருப்பை உதறிட்டு, வெறும் குதிகாலால மிதிப்பாரு. மெதுவா மிதிச்சா சும்மா வான்னு அர்த்தம். விடாம மிதிச்சா ஓடி வான்னு அர்த்தம். ஒரு கரப்பான்பூச்சி வந்துடக் கூடாது, வீடே அதிரும். உனக்கு முன்னாடி கீழ இருந்தவங்களுக்கு இதெல்லாம் பழகிப் போச்சு.

டாக்டர் என்ன சொன்னாருன்னா, நெஞ்சு சட்டுனு நின்னுடுச்சு, விழறதுக்கு முன்னாடியே உயிர் போயிருக்கும், அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுன்னாரு. எங்க பொண்ணு தினம் போன் பண்ணி, அப்பா கஷ்டப்பட்டாராம்மான்னு கேக்கறா. இல்லடிங்கறேன். வேற என்ன சொல்ல. ஆனா நான் வந்து பாத்தப்ப அவருக்கு ஒரு கால்லதான் செருப்பு இருந்துச்சு. இன்னொண்ணு சுவரோரமாக் கெடந்துச்சு. விழுந்த வேகத்துல கழண்டிருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கலாம். எனக்குத்தான் கண்ணை மூடினா அந்தச் செருப்பு வந்து நிக்குது.

அதான் கேக்கறேன். ஒரு தடவை கேட்டுச்சா, பல தடவையா?

ஒண்ணுதானா?

என்னைப் பாத்துச் சொல்லும்மா.

சரி. ஒண்ணுன்னா தட். விழுந்தாரு, முடிஞ்சுது. டாக்டர் சொன்னது சரிதான். என் வயித்துல பாலை வாத்தே. நீ நல்லா இருக்கணும்.

ஏன் இன்னும் அழறே? இந்தா, தண்ணி குடி. உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீ என்ன பண்ணுவே, அவரு பாஷை உனக்குத் தெரியுமா? வாசல்ல நின்னதுமே மனசுல இருந்ததை அப்படியே சொல்லிட்டே, ஆணி அடிக்கிறாங்கன்னு நெனச்சேன்னு. ஒரே அடியில எந்த ஆணிம்மா இறங்கும்.

நான் வீட்டுல இல்லேன்னு அவருக்குத் தெரியும். காலையில என் டிபன் பாக்ஸை அவருதான் எடுத்துக் குடுத்தாரு. தெரிஞ்சும் என்னைத்தான் கூப்பிட்டிருக்காரு.

இரு, எந்திரிக்காத. ஞாயித்துக்கிழமை பொண்ணு வர்றா. நீ கீழ இருக்கறது தெரிஞ்சா உன்கிட்டயும் வந்து இதையேதான் கேப்பா. எனக்குச் சொன்ன மாதிரியே அவளுக்கும் சொல்லு. ஒண்ணுதான் கேட்டுச்சுன்னு சொல்லு. ஆணியைப் பத்தி மட்டும் பேசாத.