நறுக்கிய மழை

— அந்தத் தாளை நம்பி உட்காராதீங்க அத்தே. ஆத்துத் தண்ணி கரையைத் தொட்டிருச்சு. கிளம்புங்க.

— வெள்ளம் எங்க வரும்னு நீங்க போட்ட தாளுதானே மாப்ளே? ஆபீஸ் பையன் சோமு கொண்டாந்தான். வேலை மேய்க்கிற மண்டோரு கோயில் செவுத்துல ஒட்டியிருக்காரு. நம்ம லயத்து வீடுங்க இருக்கிற கட்டம் வெள்ளையாம். வெள்ளைன்னா தண்ணி நிக்காதாம்லா.

— அப்படி அர்த்தம் இல்ல.

— எம் மக கங்கா கருமாதிக்கு அப்புறம் இன்னிக்குத்தான் இந்த வாசலை மிதிக்கிறீங்க. வந்ததும் தாளுப் பேச்சுதான்.

— கேளுங்க. மண்ணுப் படத்துல சின்னச் சின்னக் கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு எஸ்டேட். மழைப் படத்துல ஒரே பெரிய கட்டம். பத்தாங் காலி மலையிலிருந்து கடலோரப் பாசிர் பெனம்பாங் வரைக்கும் ஒரே நம்பர்.

— மலையில பேயிறதும் இங்க பேயிறதும் ஒண்ணா?

— இல்ல. ஆனா ரெண்டு படமும் ஒரே அளவுல இருந்தாத்தான் யூனிவர்சிட்டி கம்ப்யூட்டர் எடுத்துக்கும். அதனால பெரிய கட்டத்தை நறுக்கினேன். நறுக்கின துண்டு எல்லாத்துலயும் அதே நம்பர்.

— நறுக்கினா நம்ம மழை தெரிஞ்சிருமா?

— தெரியாது. தெரியிற மாதிரி இருக்கும்.

— ஐயோ, குழம்புது மாப்ளே. அந்தக் கட்டம் நம்ம லயம்தானே?

— லயம் நம்மளது. மழை நம்மளது இல்ல.

— அப்ப யாரு மழை?

— யாரோடதும் இல்ல அத்தே. சராசரி.

— யாரோடதும் இல்லாத மழையை வச்சா கணக்குப் போட்டீங்க?

— ஆமா. அதான் நேர்ல வந்தேன். மோட்டார் சைக்கிள் ரோட்டுல நிக்குது. பிள்ளையைத் தூக்குங்க.

— பிள்ளை இங்க இல்ல.

— இல்லையா? பக்கத்து வீடெல்லாம் வேற பூட்டிக் கிடக்கு.

— சனமெல்லாம் காலையிலேயே ஸ்கூலுக்குப் போயிருச்சு. மேட்டுல இருக்குல்ல. தண்ணியைப் பார்த்துட்டு யாரு தாளைப் பார்ப்பா?

— நீங்க மட்டும் ஏன் இருக்கீங்க?

— மருமகன் போட்ட கணக்கு. நானே நம்பாமப் போனா, நாளைக்கு இந்த லயத்துல உங்களை யாரு மதிப்பா?

— நம்பினீங்கன்னா பிள்ளையை ஏன் அனுப்பினீங்க?

— அது கங்கா பிள்ளை.

— நடக்குதா அது?

— முழங்கால் போட்டுத் தவழுது இப்ப. ஒரு இடத்துல நிக்காது.

— யார்கிட்ட இருக்கு?

— ஆயாக்கொட்டாய்ப் பிள்ளைங்களோடதான். ஆயா எல்லாத்தையும் ஒண்ணா லோரியில ஏத்திட்டுப் போயிருச்சு.

— சரி. கதவைச் சாத்துங்க. உங்களை ஸ்கூல்ல விட்டுட்டு, பிள்ளையை நான் கோலாலம்பூருக்குத் தூக்கிட்டுப் போறேன். தண்ணி வடியிற வரைக்கும்.

— நான் மெதுவா நடந்து வர்றேன். நீங்க முன்னால போய்த் தூக்கிக்குங்க.

— வேணாம். நீங்களும் ஏறுங்க.

— ஏன் மாப்ளே?

— சும்மா. சேர்ந்தே போவோம்.

— அங்க நிறையக் கைப்பிள்ளைங்க. உங்க பிள்ளை எதுன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல?