எதிர்முனையில் ஆல்ஸ்டன்

ஆமாக்கா, டிக்கெட் சன்னல்ல பேரு சொன்னாங்களே, அதே டென்சில்தான். தாராளமா உக்காருங்க. ஐயோ, அந்தப் பக்கம் வேணாம். படகு நடுக்கடலுக்குப் போனதும் மொத்தத் தண்ணியும் அங்கதான் அடிக்கும். பெக்வே தீவுல பொறந்துட்டு அதுகூட மறந்துபோச்சா? நாப்பது வருஷமா டொரண்டோவா... அப்ப சரி.

கிரிக்கெட்டே பாக்க மாட்டீங்களா? நெசமாவா? அடடா, மொதல்ல கையக் குடுங்க. இந்தத் தீவுகள்ல அப்படி ஒரு மனுஷியப் பாத்து எவ்ளோ நாளாச்சு! இப்ப டிக்கெட் குடுத்துச்சே ஒரு அம்மா, எம்புள்ள எம்புள்ளன்னு என் கன்னத்தக் கிள்ளுச்சுல்ல? அதே அம்மா போன வருஷம் அதே சன்னல்ல டிக்கெட்ட நீட்டி, இந்த நம்பரு உன் ஸ்கோர விட ஜாஸ்தி, பத்திரமா வச்சுக்கோன்னுச்சு. வரிசையில நின்ன அத்தன பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது.

மோசமாத்தான் ஆடுனோம். நான் மட்டும் இல்ல, மூணு பேரு. நானு, உங்க ஊரு ஆல்ஸ்டன், ஜமைக்காக்காரன் வெண்டல். டீம்ல நாங்கதான் பெரியவங்க. மூணு பேரு வயசையும் கூட்டுனா நூத்தியெட்டு, ஒரு மேட்ச்ல மூணு பேரு ரன்னையும் கூட்டுனா அறுபத்தொண்ணுன்னு பேப்பர்ல எழுதுனான். கணக்கு சரிதான். அதுல நாப்பது ஆல்ஸ்டனோடது.

நல்லா ஆடுனவனுக்கு ஆட்டம் எப்படிக் கெடும்னா கேக்குறீங்க? எப்படிச் சொல்றது உங்களுக்கு... நர்ஸா இருந்தேன்னீங்கல்ல? இருவது வருஷம் ஊசி போட்ட கை. ஒருநாள் காலையில நரம்பு கிடைக்கல. சரி போகட்டும்னு விடுவீங்க. மறுநாளும் கிடைக்கல. மூணாம் நாள் நோயாளியப் பாக்க மாட்டீங்க, உங்க கையத்தான் பாப்பீங்க. அதான். கையப் பாக்க ஆரம்பிச்சா முடிஞ்சுது.

அவுட்டாகி உள்ள வருவேன் பாருங்க, ஒருத்தன் நிமிர மாட்டான். ஒருத்தன் ஷூ லேச அவுத்து அவுத்துக் கட்டுவான். ஒருத்தன் தீந்துபோன பாட்டில்ல தண்ணி குடிப்பான். சாப்பாட்டு மேசையில என் பக்கத்து நாற்காலிய விட்டுட்டு அடுத்த மேசைக்குப் போவானுங்க. கெட்ட எண்ணம் இல்லக்கா. சின்னப் பசங்க, ஒட்டிக்கும்னு பயம். நானும் அந்த வயசுல அப்படித்தான் போயிருப்பேன். வெண்டலுக்குத் தாங்கல. ஒரு மேட்ச் முடிஞ்ச மத்தியானம் பேடு, கிளவுஸ் எல்லாத்தையும் அங்கேயே போட்டுட்டு ஏர்போர்ட்டுக்குப் போனான். அங்கேருந்து போன்ல சொன்னான், ஓய்வுன்னு.

மிச்சம் நானும் ஆல்ஸ்டனும். பதினோரு வருஷம்க்கா, இந்த முனையில நானு, அந்த முனையில அவன். ஓவருக்கு ஓவர் நடுவுல வருவான், என் ஹெல்மெட்ல கதவு தட்டுற மாதிரி ரெண்டு தட்டுத் தட்டி, உள்ள யாராச்சும் இருக்கீங்களாம்பான். வீட்டுல ஆளில்லைம்பேன். அவ்ளோதான் பேச்சு. எனக்கு ரன்னே வராமப் போன பதினாலு இன்னிங்ஸ்லயும் தட்டுனான், ஒரு தடவகூட விடல.

ஒருநாள் ப்ராக்டீஸ்ல, பந்து எறியறவரு தண்ணி குடிக்கப் போயிருந்தாரு. ஆல்ஸ்டன் கையில ஒரு பந்த வச்சு உருட்டிக்கிட்டே, டென்சில், வர்றப்ப தையல் தெரியுதா உனக்குன்னான். பந்து நடுவுல தையல் இருக்கும்க்கா, அது எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துத்தான் ஆடணும். எனக்குத் தெரியுதேன்னேன். எனக்கு ஆறு மாசமாத் தெரியலடாங்குறான். இடது கண்ணு. கருவிழி மெலிஞ்சுக்கிட்டே போகுதாம். எதப் பாத்தாலும் ஈரத்துணி வழியாப் பாக்குற மாதிரி இருக்காம். இது உனக்கும் டீம் டாக்டர் ராம்சரூப்புக்கும்தான் தெரியும், இந்த சீசன் மட்டும் ஓட்டிடறேண்டா, அடுத்த மாசம் மெர்லின் மாசமாயிருக்கறது வேற வெளிய தெரிஞ்சுடும், ரெண்டு சேதி ஒண்ணா வேணாம்னான். மெர்லின் அவன் பொண்டாட்டி. பன்னெண்டு வருஷம் காத்திருந்து தங்குன புள்ள.

பாவம்தான். அந்தக் கண்ண வச்சுக்கிட்டு நாப்பது அடிச்சான் பாருங்க.

அடுத்த டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்ன அவனத் தூக்கிட்டாங்க. தூக்குனதோட விடல, கண்ணு டெஸ்ட் எடுக்கணும்னாங்க. எடுத்தாச்சு, அதோட அவன் ஆட்டம் முடிஞ்சுது. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டா யாரும் வாயத் தொறக்கல. ஆல்ஸ்டன் நேராப் போயி ஓட்டல் வராந்தாவுல டாக்டரப் புடிச்சுக்கிட்டான். அவன் கத்தி நான் பாத்ததே இல்லக்கா. நீயெல்லாம் டாக்டரா, உன்ன நம்பித்தான சட்டையக் கழட்டுறோம்னு கேட்டான். டாக்டரு ஒரே ஒரு தடவ, நான் சொல்லல ஆல்ஸ்டன்னாரு. நான் அவன் பைய கையில வச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னேன். அதுக்கப்புறம் ஒருத்தனும் அவருகிட்ட முழங்காலக்கூடக் காட்டல. அந்தத் தொடர் முடிஞ்சதும் அவராவே வேலைய விட்டுட்டு அவரு ஊரு கயானாவுக்கே போயிட்டாரு.

நானா? ஆடுனேன். மொதல்ல சைபர், ஏழு. அதுக்கடுத்த மேட்ச்ல நூத்தி முப்பத்தொண்ணு. ஆமா, அதுக்குத்தான் அந்தம்மா கன்னத்தக் கிள்ளுச்சு. நூறு வந்தப்ப மைதானமே எந்திரிச்சு நின்னுச்சு. நான் மட்டையத் தூக்காம எதிர்முனையப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். அங்கேருந்து ஒரு சின்னப் பையன் ஓடி வந்து, கைய நீட்டி, நல்லா ஆடுனீங்க சார்னான். சாராம். அவ்ளோ சத்தத்துலயும் எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா.

உள்ள வந்து போன எடுத்தா மொத அழைப்பு ஆல்ஸ்டனோடது. டேய், வீட்டுல ஆளு இருக்கு போலயேங்குறான். அழுவுறான் சந்தோசத்துல. சிக்னல் இல்லடான்னு சொல்லி வச்சுட்டேன். அதுக்கப்புறம் கூப்புட்டப்பவும் பாதி நேரம் எடுக்கல. டீம்ல இப்ப எனக்குப் பேச ஆளில்ல, பேச இருக்கற ஒருத்தன் போனையும் எடுக்கறதில்ல. இப்படி ஒரு பொழப்பு.

நாளைக்கு அவன் பொண்ணுக்கு ஞானஸ்நானம். அதுக்குத்தான் போறேன். நான்தான் ஞானத்தகப்பன். வேற யாரையாச்சும் வச்சுக்கடான்னு மூணு தடவ சொல்லிப் பாத்தேன். பதினோரு வருஷம் நீ ஓடுன்னா ஓடுனேன், நில்லுன்னா நின்னேன், இப்ப நான் சொல்றேன், வாடாங்குறான். சீமைப்பலா சுட்டு வைக்கிறேன், மீனு நானே புடிச்சுட்டு வர்றேங்குறான்.

வந்துட்டோம் போலயே. மாறவே இல்லையா உங்க ஊரு? அதோ, படகுத்துறையில மஞ்சச் சட்டை, கையில புள்ள... அவன்தான்.

டாக்டரா? இல்லக்கா, டாக்டரு சொல்லல. ஆல்ஸ்டனத் தூக்குறதுக்கு மொத நாள் சாயங்காலம் கேப்டன் என் ரூமுக்கு வந்தான். கட்டிலு ஓரத்துல உக்காந்து, அண்ணே, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் இடம்ங்குறாங்க, ஆல்ஸ்டன் அண்ணன் எப்படி இருக்காருன்னான். அவ்ளோதான் கேட்டான். அவனுக்கு இடது கண்ணு தெரியலப்பான்னேன். பொய்யில்ல. ஒரு பந்து மூஞ்சியில பட்டிருந்தா செத்தே போயிருப்பான், அதுவும் நெசம்தான். ஆனா அதெல்லாம் நான் அப்புறம் யோசிச்சு வச்சுக்கிட்டது. அன்னிக்கு அத நினைச்சுச் சொல்லல.

இல்ல, யாருக்கும் தெரியாது. உங்ககிட்டத்தான் சொல்றேன்.

இங்கேருந்து அவன் கண்ணுக்கு நான் தெரிய மாட்டேன்க்கா. படகுல இருக்கற எல்லாருக்கும் சேத்துத்தான் கையாட்டுறான். நீங்க ஒருவாட்டி ஆட்டிடுங்க. நான் பைய எடுத்துட்டு வர்றேன்.