கப்பல் யாருக்காகவும் நிற்காது

டில்லிஸ்: …அப்புறம், அந்த இறால் பக்கம் மட்டும் போயிடாத. முதல் நாள் இறாலுக்கு நடக்கிற தள்ளுமுள்ளு இருக்கே… தீப்பிடிச்சாக்கூட யாரும் அவ்வளவு வேகமா ஓட மாட்டாங்க.

ரோவீனா: தீ… பிடிக்குமா?

டில்லிஸ்: அடக் கடவுளே! ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கப்பல்ல இதான் முதல் தடவையா?

ரோவீனா: ம்.

டில்லிஸ்: மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பயப்படாத கண்ணு. மூணு ராத்திரிதான். வயிறு முட்டச் சாப்பிடலாம், மேல போய் வெயில் காயலாம், சாயங்காலம் யாராவது சுதி சேராமப் பாடுவாங்க, பாவம்னு கை தட்டலாம். நாளைக்கு மார்சே. மறுநாள் ஜெனோவா. அதுக்கு அடுத்த நாள் காலைல திரும்ப இதே பார்சலோனா. அவ்வளவுதான்.

ரோவீனா: ஜெனோவால எவ்வளவு நேரம் நிக்கும்?

டில்லிஸ்: காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். ஏன், அங்க யாரையாவது பாக்கணுமா?

ரோவீனா: இல்ல… இல்ல. சும்மா கேட்டேன்.

டில்லிஸ்: தனியாவா வந்திருக்க?

ரோவீனா: என் வீட்டுக்காரர் அதோ, வரிசைல நிக்கறார். இறாலுக்கு.

டில்லிஸ்: ஐயோ. அப்ப நான் எதுவும் சொல்லலப்பா.

ரோவீனா: இறங்கும்போது பாஸ்போர்ட் கேப்பாங்களா?

டில்லிஸ்: கேக்க மாட்டாங்க. இந்தா, என் கழுத்துல தொங்குதே, இந்தக் கார்டுதான். வாசல்ல தேய்ப்பாங்க. உன் மூஞ்சி திரையில வரும். டிங்னு ஒரு சத்தம். போயிட்டு வரலாம். திரும்பி ஏறும்போது இன்னொரு டிங். ஆமா, உன் கார்டைக் காணோமே?

ரோவீனா: அவர் கழுத்துல. ரெண்டையும் அவர்தான் மாட்டியிருக்கார். நான் தொலைச்சுடுவேனாம்.

டில்லிஸ்: பாஸ்போர்ட்?

ரோவீனா: கேபின் லாக்கர்ல. நம்பர் அவருக்குத்தான் தெரியும்.

டில்லிஸ்: போன்?

ரோவீனா: வெளிநாட்டுல பேசினா பில் எகிறிடும்னு… அவர் பைல.

டில்லிஸ்: இந்த வெயில்ல எதுக்கு முழுக்கைச் சட்டை?

ரோவீனா: குளிருது.

டில்லிஸ்: ம்… குளிருது.

ரோவீனா: டில்லிஸ்… அந்த ரெண்டாவது டிங் வரலன்னா என்ன பண்ணுவாங்க?

டில்லிஸ்: புரியல.

ரோவீனா: ஒரு ஆள் இறங்கிப் போயி… திரும்பி வரவே இல்லன்னா? கப்பல் நிக்குமா?

டில்லிஸ்: கப்பல் யாருக்காகவும் நிக்காது. ராஜா வீட்டு ஆளே ஆனாலும் லேட்டுன்னா லேட்டுதான். கொஞ்ச நேரம் மைக்குல பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. கேபினுக்குப் போன் அடிப்பாங்க. அப்புறம் ரெண்டு அதிகாரிங்க போயி லாக்கரைத் திறந்து, அந்த ஆளோட பாஸ்போர்ட்டை எடுத்து, கரைல இருக்கிற கம்பெனி ஏஜென்ட்கிட்ட கொடுத்துட்டுக் கயித்த அவுத்துடுவாங்க.

ரோவீனா: நம்பர் இல்லாம லாக்கரை எப்படி…

டில்லிஸ்: எல்லா லாக்கரையும் திறக்க அவங்ககிட்ட வழி இருக்கு. கப்பல் போனாலும் ஆளு ஊர் போய்ச் சேரணும்ல?

ரோவீனா: அப்ப… பாஸ்போர்ட் கைக்கே வந்துடும்.

டில்லிஸ்: ஒரு உறைல போட்டுத் தருவாங்க. எனக்கே தந்திருக்காங்க. கோர்சிகால ஒரு ஐஸ்கிரீமுக்காக நின்னேன் பாரு. கைல ஐஸ்கிரீம் உருகி வழியுது, கண்ணு முன்னால என் கப்பல் போகுது. ஏஜென்ட் வந்து உறையக் கொடுத்துட்டு, "ஐஸ்கிரீம் நல்லா இருந்துதா"ன்னு கேக்கறான் படுபாவி!

ரோவீனா: அப்ப புருஷன் கேபின்லயே இருந்தா? அவர்கிட்டத்தான் முதல்ல சொல்லுவாங்க. இல்ல?

டில்லிஸ்: ஆமா. அவரும் இறங்கறேன்னு சொன்னா இறக்கி விட்டுடுவாங்க. …கேபின்ல இல்லாம, மைக்குச் சத்தம் காதுல விழாத இடத்துல அவர் இருந்தா, சொல்ல ஆள் இல்ல. கண்ணு, ஜெனோவால யாரு?

ரோவீனா: ஜெனோவால இல்ல. அங்கேர்ந்து ரயில் ஏறினா டூரின். என் தங்கச்சி டெஸ்ஸா அங்க நர்ஸா இருக்கா. அவகூட நான் பேசக் கூடாதுன்னு… ஐயோ, அவர் வரார்.

டில்லிஸ்: சிரி.

ரோவீனா: என்ன?

டில்லிஸ்: சிரிடி! …அதான் சொல்றேன், அந்தச் சமையல்காரன் முழுத் தர்பூசணியத் தலைல வெச்சுக்கிட்டே டான்ஸ் ஆடி—

க்ளைவ்: என்ன ஒரே சிரிப்பு? என்னை வெச்சா?

டில்லிஸ்: உங்கள வெச்சு இல்லீங்க, ஒரு பழத்தை வெச்சு! நான் டில்லிஸ். ஸ்வான்சிக்காரி. உங்க வீட்டம்மா தனியா உக்காந்திருந்தாங்களேன்னு…

க்ளைவ்: தனியா எங்க? நான் அங்கேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். பேரு க்ளைவ். ஊர் வால்சால். ரோ, என்ன பேசிட்டிருந்த?

ரோவீனா: சாப்பாட்டப் பத்தி.

க்ளைவ்: சாப்பாட்டப் பத்தி. சரி. மேசைய ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்க?

ரோவீனா: கப்பல் ஆடுதுல்ல…

க்ளைவ்: கப்பல் இன்னும் கிளம்பவே இல்லயே, செல்லம்.

*

ரோவீனா: நான் போகல.

டில்லிஸ்: மெதுவாப் பேசு. எங்க அவர்?

ரோவீனா: ரொட்டி வாட்டற மிஷின்கிட்ட. டில்லிஸ், என்னால முடியாது. நேத்து மார்சேல என் கைய விடவே இல்ல. சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்தறதுக்குக்கூட விடல. எதுக்கு வேண்டிக்கறன்னு கேட்டார்.

டில்லிஸ்: என்ன சொன்ன?

ரோவீனா: உங்க முட்டிவலி போகணும்னு சொன்னேன்.

டில்லிஸ்: அந்த முட்டிக்குத்தான் நாம நன்றி சொல்லணும். நேத்து நடந்ததுல அது நல்லா வீங்கிடுச்சு. இன்னிக்கு அவர் கப்பல விட்டு இறங்க மாட்டார். இங்க குடிக்கறதுக்கெல்லாம் முன்னாடியே மொத்தமாக் கட்டியாச்சு வேற. இறங்குவாரா?

ரோவீனா: என்னையும் விட மாட்டார்.

டில்லிஸ்: நான் கேக்கறேன்.

ரோவீனா: கண்டுபிடிச்சுட்டா? டெஸ்ஸாவுக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன் டில்லிஸ். வாழ்த்துதான். அதுக்கே…

டில்லிஸ்: சொல்ல வேணாம். நேத்து நீ சட்டைக்கைய மடிச்சுக் கை கழுவும்போது பாத்துட்டேன். இங்கயே கப்பல் அதிகாரிகிட்ட சொல்லலாம். இப்பவே உன்னைக் கூட்டிட்டுப் போறேன், வரியா?

ரோவீனா: சொன்னா அவரைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. அவர் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவார். அவர் சிரிச்சுப் பேசினா எல்லாரும் நம்புவாங்க. எங்கம்மாவே நம்பினாங்க. அப்புறம் நான் அந்தக் கேபினுக்குத் திரும்பிப் போகணும்.

டில்லிஸ்: அப்ப இது ஒண்ணுதான் வழி. கேளு. என் பழைய போன் உன் பைல இருக்கு. நேத்து என் உள்ளங்கைல நம்பர் எழுதினியே, உன் தங்கச்சிகிட்ட பேசிட்டேன். அவ அழுத அழுகைல எனக்கு ஒரு வார்த்தை விளங்கல. "வரேன்"னது மட்டும் விளங்கிச்சு. துறைமுக வாசல்ல கார்ல இருப்பா. நான் தனியாத் திரும்பி வந்து, இந்த மனுஷனக் கேபின் பக்கம் போக விடாமப் பாத்துக்கறேன்.

ரோவீனா: போயிட்டா?

டில்லிஸ்: போக விட மாட்டேன்.

ரோவீனா: போயிட்டா, லாக்கரைத் திறக்கறவங்க முன்னாடி நிப்பார். சிரிப்பார். இறங்கி வருவார். அதுக்கப்புறம் எனக்கு… டில்லிஸ், அதுக்கப்புறம் எனக்கு இன்னொரு தடவ கிடையாது.

டில்லிஸ்: தெரியும்.

ரோவீனா: உங்களுக்குப் பயமா இல்லியா?

டில்லிஸ்: எனக்கா? ராத்திரி பூரா கண்ண மூடல. வரார். ரொட்டியக் கடி.

க்ளைவ்: மேடம் இங்கயும் வந்தாச்சா! எங்க ரோ மேல உங்களுக்கு என்ன இப்படி ஒரு ஒட்டுதல்?

டில்லிஸ்: வேலையாத்தான் வந்தேன் க்ளைவ். இந்த ஜெனோவால ஃபொக்காச்சியான்னு ஒரு ரொட்டி, சூடா அடுப்புலேர்ந்து எடுத்துத் தருவாங்க. தனியாப் போனா வழி தப்பிடுவேன். ரெண்டு பேரும் துணைக்கு வாங்களேன். ஏத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. படியும் நிறைய…

க்ளைவ்: படியா? என் முட்டி பலூன் மாதிரி இருக்கு, பாருங்க.

டில்லிஸ்: ஐயோ பாவம். அப்ப விடுங்க, நான் வேற யாரையாவது கேக்கறேன்.

க்ளைவ்: ரோ, நீ என்ன சொல்ற? போகணுமா உனக்கு?

ரோவீனா: வேணாம்.

க்ளைவ்: வேணாமா?

ரோவீனா: உங்ககூடவே இருக்கேன்.

க்ளைவ்: பாத்தீங்களா மேடம்? இதான் பொண்டாட்டி. …சரி, போயிட்டு வா.

ரோவீனா: இல்லீங்க, வேணாம்…

க்ளைவ்: போன்னா போ. பெரியவங்க கேக்கறாங்க, இல்லன்னா நான் விட மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க. இந்தா கார்டு. ரெண்டு மணிக்கு என் முன்னால நிக்கணும். எத்தனை மணிக்கு?

ரோவீனா: ரெண்டு மணிக்கு.

க்ளைவ்: சமத்து. மேடம், இவ உங்க பொறுப்பு.

டில்லிஸ்: என் பொறுப்புதான் க்ளைவ்.

*

க்ளைவ்: …ரோ ரெண்டு மணிக்கே வந்தாச்சுன்னா என்னை ஏன் எழுப்பல?

டில்லிஸ்: எழுப்பினாளே. நீங்க குறட்டைலயே பதில் சொன்னீங்க. வெயில் தாங்காம அவளுக்குத் தலைவலி. கேபின்ல படுக்க வெச்சு, மாத்திரை கொடுத்துட்டுத்தான் மேல வரேன்.

க்ளைவ்: கார்டைத் திருப்பிக் கொடுக்கணும்னு தெரியாதா அவளுக்கு?

டில்லிஸ்: கார்டு இல்லாமக் கேபின் கதவு திறக்குமா?

க்ளைவ்: சரி, நான் போய்ப் பாத்துட்டு வரேன்.

டில்லிஸ்: இப்பவா?

க்ளைவ்: ஏன், இப்ப போனா என்ன?

டில்லிஸ்: இல்ல… இப்பத்தான் கண்ணசந்தா. லிஃப்ட்டுல ஒரே கூட்டம். உங்க முட்டி வேற…

க்ளைவ்: உங்களுக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?

டில்லிஸ்: வயசு க்ளைவ், வயசு. …அடடே! அங்க பாருங்க, ஆரம்பிச்சாச்சு!

க்ளைவ்: என்னது?

டில்லிஸ்: ஓட்டப் பந்தயம்! கீழ, கரைல. லேட்டா வர்றவங்க. இவ்வளவு பேர் கிளாசும் கையுமா இங்க வந்து நிக்கறாங்களே, கடலைப் பாக்கவான்னு நெனச்சீங்க?

க்ளைவ்: ஓ… அந்தக் குண்டன் ஓடறதப் பாரு! ஏய்! தொப்பையக் கழட்டி வெச்சுட்டு ஓடுடா!

டில்லிஸ்: எல்லாரும் கை தட்டறாங்க. நீங்களும் தட்டுங்க.

க்ளைவ்: ஏறிட்டான்! பரவால்ல. இன்னும் வருவாங்களா?

டில்லிஸ்: கடைசில வர்றவங்கதான் வேடிக்கையே. இப்படி வாங்க, பாட்டுக்காரங்க பக்கம். இங்கேர்ந்துதான் கரை நல்லாத் தெரியும்.

க்ளைவ்: இங்க காது கிழியுது!

டில்லிஸ்: என்ன?

க்ளைவ்: காது! காது கிழியுதுன்னேன்! …இருங்க. மைக்குல ஏதோ சொல்றான். யாரோ பேரு.

டில்லிஸ்: கிளம்பறோம்னு சொல்றான்.

க்ளைவ்: இல்ல, பேரு மாதிரி இருந்துது.

டில்லிஸ்: நாலு பாஷைல சொல்றாங்க, எது பேரு, எது ஊருன்னு யாருக்குத் தெரியும்? உங்க கிளாஸ் காலி. இன்னொண்ணு சொல்லட்டுமா?

க்ளைவ்: சொல்லுங்க. அதுக்குள்ள நான் ஒரு எட்டு அவளப் போய்…

டில்லிஸ்: க்ளைவ்! அதோ! ரெண்டு பேர்! அந்தப் பொண்ணு செருப்பக் கைல எடுத்துக்கிட்டு ஓடுது!

க்ளைவ்: எங்க? எங்க? …ஹா! வா வா வா! புருஷன் முன்னாடி ஓடறான் பாருங்க, பொண்டாட்டிய விட்டுட்டு! நான்னா விடுவேனா?

டில்லிஸ்: நீங்க விட மாட்டீங்க.

க்ளைவ்: ஏறியாச்சு. ஏறி இறங்கற பாலத்த எடுக்கறாங்க.

டில்லிஸ்: எடுத்துட்டாங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு இவ்வளவு தூரம் கண்ணு தெரியாது.

க்ளைவ்: எடுத்தாச்சு. கயித்தையும் அவுக்கறான். என் கைய ஏன் இப்படிப் பிடிச்சிருக்கீங்க? நகம் பதியுது.

டில்லிஸ்: கால் கொஞ்சம் தள்ளாடுது. நகருதா கப்பல்?

க்ளைவ்: நகருது. …ஹே! அங்க இன்னொருத்தி! கார்லேர்ந்து இறங்கறா! போச்சு, விட்டுட்டா! ஏய், நீந்தி வாடி!

டில்லிஸ்: ஓடி வராளா?

க்ளைவ்: அதான் வேடிக்கை. ஓடவே இல்ல. சும்மா நிக்கறா. கூட ஒருத்தி அவளக் கட்டிப் பிடிச்சு அழறா. மஞ்சக் கோட்டு போட்ட ஒருத்தன் ஏதோ உறைய நீட்டறான்.

டில்லிஸ்: வாங்கிட்டாளா?

க்ளைவ்: வாங்கிட்டா. லூசு! கப்பல விட்டுட்டு இங்க பாத்துக் கையாட்டறா பாருங்க! யாருக்கு ஆட்டறா? …இருங்க. அவ நிக்கற விதம்… டில்லிஸ். ரோ கேபின்லதானே இருக்கா? …டில்லிஸ்!

டில்லிஸ்: இல்ல க்ளைவ். உன் லாக்கர்ல இப்ப ஒரு பாஸ்போர்ட்தான் இருக்கு. அவ கையாட்டறது உனக்கில்ல… எனக்கு.