குலுங்காத வண்டி

உங்கள் ஜீப்பின் பின்கதவு வழி நெடுக லொடலொடவென்று ஆடிக்கொண்டே வந்தது, ஐயா. கீல் தேய்ந்திருக்கிறது. பெரிய வேலை இல்லை; யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கதவு ஆடினால் என்னால் வேறு எதையும் யோசிக்க முடியாது. தொழில் புத்தி.

நான் அமரர் ஊர்தி கட்டுகிறவன். வேன் ஒன்றை வாங்கி, பின்பக்கத்தை அறுத்தெடுத்துவிட்டு, இறந்தவரைக் கிடத்துவதற்கான கூண்டை அதன்மேல் கட்டுவோம். பட்டறை என் மாமனாருடையது. போகும்போது எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் சரிபாதியாக விட்டுப் போனார்.

மச்சானுக்குப் பழைய மாதிரிதான் பிடிக்கும். தேக்குச் சட்டம், கடைந்த தூண்கள், மூன்று பக்கமும் கண்ணாடி, ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் மரச்சல்லடை. பார்வைக்கு ஜோர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மழைக்கு மரம் உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். பள்ளத்தில் இறங்கினால் பெட்டி நகர்வது முன்னால் இருப்பவர் காதில் விழும். என் வண்டியில் அந்தப் பேச்சே கிடையாது. உடம்பு முழுக்க ஒரே தகடு, மூலையில்கூட இணைப்புத் தெரியாது. சுவருக்குள்ளும், ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற தடுப்புக்குள்ளும் நாலு விரல் தடிமனுக்கு நுரை அடைத்திருக்கிறேன். உருளை வைத்த தட்டு, ஒற்றை விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். கதவைச் சுற்றி ரப்பர், காற்றுகூடப் புகாது; உள்ளே குளிரூட்டி. பூட்டு நானே கடைந்தது. உள்ளே ஒரு கைப்பிடி வைக்கலாமா என்று நான்தான் கேட்டேன். மச்சான் சிரித்தான்.

"எதுக்கு மாமா? போறவரு பாதி வழில எறங்கிக்குவாரா?"

அதனால் வைக்கவில்லை. அது என் முடிவு இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் கெட்டவன் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் மொத்தமாக வண்டி வாங்க வந்திருந்தார். நான் கதவைத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். இவன் பின்னால் நின்றுகொண்டு, "மாமா, இதுல பால் பாக்கெட்டும் ஏத்தலாமா?" என்றான். வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, பழைய மாதிரியே போதும் என்று சொல்லிவிட்டார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், அவருக்கு டீ வரவழைத்தேன். அவர் போன பிறகு எனக்கு வயிறு எரிந்தது பாருங்கள், அதை வார்த்தையில் சொல்ல முடியாது. ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டு செய்த வண்டி ஐயா அது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியைக் கொடுப்பதற்குமுன் எங்களில் ஒருவர் உள்ளே படுத்து, ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். இறந்தவர் குறை சொல்ல மாட்டார், உயிரோடு இருப்பவர்தான் சொல்ல வேண்டும். குலுங்கினால் தடுப்பில் ஒரு தட்டு. நிறுத்த வேண்டுமென்றால் விடாமல் தட்டுவது. எப்போதும் படுப்பது மச்சான்தான். பழைய வண்டிகளில் சல்லடை வழியாகப் பாட்டுப் பாடிக்கொண்டே வருவான்.

என் வண்டியிலும் அவனேதான் ஏறிப் படுத்தான். "மெதுவா ஓட்டுங்க மாமா, பால் திரிஞ்சிடப் போகுது" என்றான். கதவைச் சாத்தினேன். குளிரூட்டியைப் போட்டேன்.

பாலம் தாண்டி, நிழலாக ஓரிடம் பார்த்து நிறுத்தினேன். ஒரு சத்தம் இல்லை. உள்ளங்கையைத் தடுப்பின்மேல் வைத்தபோதுதான் தெரிந்தது, விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். கைக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை. நான் நினைத்த மாதிரியே அச்சாக வந்திருந்தது வேலை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். இறங்கிப் போய் டீ குடித்தேன். டீக்கடைக்காரர் வண்டியை ஆசையாகப் பார்த்துவிட்டு, உள்ளே யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

திரும்பி வந்து மறுபடி கையை வைத்தேன். தட்டல் தளர்ந்திருந்தது. அது அடியோடு நிற்கும்வரை கையை எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவனைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.

தட்டியது காதில் விழவில்லை என்று உங்கள் ஆட்களிடம் சொன்னேன், அது உண்மைதானே. பூட்டு இறுகியிருக்கும், விபத்து என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பேன்.

என் மனைவிதான் இருக்க விடவில்லை. சோறு தண்ணி இல்லாமல் சுவரில் சாய்ந்து கிடந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அத்தனை பேரிடமும் ஒரே பேச்சு, இவர் செய்த பாழாய்ப்போன பூட்டு என் தம்பியை முழுங்கிவிட்டது என்று. வேறு பட்டறைக்காரர்கள்கூட அதைக் கேட்டு உச்சுக்கொட்டினார்கள். நானும் எவ்வளவுதான் பொறுப்பேன். எல்லாரும் போன பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பதறாமல், புரியும்படி எடுத்துச் சொன்னேன்.

"பூட்டு நல்ல பூட்டும்மா. நான்தான் தொறக்கல."

அவள் சுவரைப் பிடித்து எழுந்து போய் உங்களுக்குப் போன் செய்தாள். அப்போதும் பூட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை, ஐயா.