அவசரப் பிரிவின் திரை

ஆறிய தேநீரை என்னால் குடிக்க முடியாது, சுந்தரம் சார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சிராங்கூன் ரோட்டில் அப்துல் கையூம் கடையில் உட்கார்ந்திருந்தேன். தேநீர் அப்போதுதான் வந்தது. இடுப்பில் ஆஸ்பத்திரி கொடுத்த பேஜர் அடித்தது. குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். விசாரணை அதிகாரி நீங்கள், எதையும் விடாமல் சொல்லச் சொன்னீர்கள். அதனால் இதையும் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியின் பெரிய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நோயாளிகளின் விவரமெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. வார்டுக்கு ஒரு திரை, திரைக்கு ஒரு முகவரி எண். எண்பத்து நான்கில் அவசரப் பிரிவைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியபோது, அங்குள்ள திரைக்குப் புது முகவரியை நான் கையால் தட்டிக் கொடுத்தேன். கையால் தட்டியது மெஷின் ஓடும்வரைதான் நிற்கும். நிறுத்திக் கிளப்பினால், தொடக்கக் கோப்பில் இருப்பதை மட்டுமே அது படிக்கும். கோப்பில் எழுத மறந்துவிட்டேன். முதல் தடவை அது வெறும் மறதிதான்.

மெஷினை நிறுத்திக் கிளப்பும்போதெல்லாம் அந்தத் திரை செத்துக் கிடக்கும். என்னைக் கூப்பிடுவார்கள். புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்து டாக்சி பிடித்துப் போய் இரண்டு வரி தட்டுவேன். "ஆம்ப்ரோஸ் இல்லேன்னா நமக்குக் கஷ்டம்லா" என்று மேலாளர் யாக்கூப் எல்லார் முன்னாலும் சொல்வார். வீட்டில் என்னை அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. அதற்குப் பிறகு வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன்.

போன வருடம் தங்கராஜு வேறு கம்பெனியிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தான். கோப்பைப் பார்த்தான், விட்டுப்போன வரியைச் சேர்த்தான். "அண்ணே, இனிமே லீவு நாள்ல நீங்க ஓடி வர வேண்டாம்" என்று சந்தோஷமாகச் சொன்னான். நல்லவன். அடுத்த முறை திரை தானாகவே வந்தது. பேஜர் அடிக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அந்த வரியை அழித்தேன்.

அந்த ஞாயிறு மின்சாரம் போய் வந்ததால் மெஷினை மறுபடி கிளப்பியிருந்தார்கள். கடைப் போனிலிருந்து கூப்பிட்டேன். தங்கராஜுதான் எடுத்தான்.

"அண்ணே, எமர்ஜென்சி ஸ்கிரீன் வரலே. அந்தோனியம்மாள்னு, கிராஞ்சி செடி நர்சரியில வேலை செய்யிறவங்க, காய்ச்சல்ல நினைவில்லாம கிடக்கிறாங்க. கூட யாரும் வரலே. டாக்டர் ரெக்கார்டு கேக்குறாரு. நான் எழுதின வரி கோப்புல இருக்கு. அப்ப கேபிள்தான் போயிருக்கணும், இல்லையாண்ணே?"

"ஆமா, கேபிளைப் பாரு. கம்ப்யூட்டர்ல கை வைக்காதே. நான் வந்துடுறேன்."

அந்த இரண்டு வரியைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டாக்சி பிடிக்கவும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்து ஏறினேன். காக்க வைத்தால்தான் நம் அருமை தெரியும் என்று நினைத்தேன்.

நான் போனபோது தங்கராஜு தரைப் பலகையைத் தூக்கிவிட்டு, மண்டியிட்டுக் கேபிளைத் துழாவிக்கொண்டிருந்தான். நான் தட்டினேன். திரை வந்தது. யாக்கூப் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்தோனியம்மாளின் விவரமும் வந்தது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது, போடக் கூடாது என்று முதல் வரியிலேயே இருந்தது. டாக்டர் விவரத்துக்குக் காத்திருந்து பார்த்து, இனித் தாங்காது என்று நான் வருமுன்பே அந்த ஊசியைப் போட்டுவிட்டிருந்தார். சாயங்காலத்துக்குள் அந்த அம்மா இறந்துவிட்டார்.

கோப்பில் வரி இருக்கிறது என்று சொன்னவன் தங்கராஜு. திறந்து பார்த்தார்கள், இல்லை. அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள், வரியைச் சேர்க்கும் வேலையை என்னிடம் விட்டார்கள். "எழுதினேண்ணே, சத்தியமா எழுதினேன்" என்று என்னிடம் வந்து அழுதான். முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

எழுதினான், சார். அழித்தது நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்று மட்டும். அந்த வரியை நான் இன்னும் திரும்பச் சேர்க்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போனாலும் பேஜரை மட்டும் வாங்கி வைத்துவிடாதீர்கள். நான் இல்லாவிட்டால் அவர்களுக்குக் கஷ்டம்.